சங்கும் சூதுபவளமும்: ஒரு மாலையின் வரலாறு

சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கென இலண்டனிலிருந்து வந்திருந்த எமது பெரியம்மாவின் கழுத்திலே, வீட்டார் எவரும் முன்னர் கண்டிராத மாலையொன்று கிடந்தது. அது பொன்னுமன்று, முத்துமன்று. சிவந்த நீண்ட கற்களும், பருத்த வெண்மணிகளும், நீலக் கண்ணாடி மணிகளும் மாறிமாறிக் கோக்கப்பட்டு, நடுவிலே பித்தளையால் வார்த்த சிறு மனிதத்தலை ஒன்று தொங்கிற்று. இவ்வகை அணிகளுக்கு அங்கே 'பொகீமியன்' நகை என்று பெயராம். பழங்குடி மக்களின் பழைய அணிகளை வாங்கிக் கட்டவிழ்த்து, அவற்றின் துண்டுகளோடு புதிய மணிக்கற்களையும் சேர்த்துக் கையாலே கோத்து விற்பார்களாம். கூட வந்த சீட்டிலே, 'நாகர்களின் பழைய மணிகள்' என்று மாத்திரம் எழுதியிருந்தது.

வீட்டிலே சிலர் நகைத்தனர். ஆச்சி மாத்திரம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதனைக் கையில் ஏந்தி, வெண்மணி ஒன்றை நகத்தாற் கீறிப் பார்த்து, "இதென்ன பிள்ளை, சங்கெல்லே அறுத்துக் கோத்திருக்கு!" என்றார். ஏழு பிள்ளைகளுக்குச் சங்கிலே பால் பருக்கிய கையல்லவா? அக்கை பிழைவிடவில்லை என்பதை நாம் பின்னரே அறிந்தோம். ஆச்சியின் அவ்வொரு சொல்லே எம்மைப் பல்கலைக்கழக நூலகத்திற் பல மாலைப்பொழுதுகளைக் கழிக்கச் செய்தது. அங்கே கண்டவற்றை எமது சங்கத்து அன்பர்களோடும் பெரியோர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கல் வேண்டும். நாகர் என்றதும் யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு நாகதீபமும், மகாவம்சம் கூறும் நாக அரசர்களின் பிணக்குமே நினைவுக்கு வரும். நாமும் முதலில் அவ்வாறே எண்ணி, உறவு கண்டுவிட்டோம் என்று துள்ளினோம். அது வெறும் பெயரொற்றுமையே. இம்மாலைக்குரிய நாகர் இந்தியாவின் வடகிழக்கெல்லையிலே, பர்மாவை அடுத்த மலைகளில் வாழ்பவர்கள். அங்காமி, ஆவோ, சேமா, லோதா, கொன்யாக் எனப் பல குலத்தவர். ஒரு குலத்தின் மொழி மற்றக் குலத்துக்கு விளங்காது. அம்மொழிகள் யாவும் திபெத்திய பர்மிய இனத்தைச் சேர்ந்தவை. 1963ஆம் ஆண்டு டிசம்பர் முதலாந் திகதி தொடக்கம் நாகாலாந்து இந்தியாவின் ஒரு மாநிலமாக விளங்குகின்றது.

கடலை ஒருநாளுங் காணாத அம்மலைவாசிகளுக்குச் சங்கு எங்கிருந்து வந்தது? இதற்கு விடை தேடப் புகுந்தால் நம் வீட்டு வாயிலுக்கே திரும்பி வரவேண்டியுள்ளது. வலம்புரி இடம்புரி என்று நாம் போற்றும் இச்சங்கு எல்லாக் கடலிலும் விளைவதன்று. மன்னார்க் குடாவும் பாக்கு நீரிணையுமே அதன் தலையாய வயல்கள்: அக்கரையில் தூத்துக்குடியும் இராமநாதபுரமும், இக்கரையில் மன்னாரும் யாழ்ப்பாணமும். சென்னை மீன்பிடி இலாகாவில் அலுவல் பார்த்த ஜேம்ஸ் ஹோர்னெல் என்னும் ஆங்கிலேயர், 1914இல் சங்கைப்பற்றி மாத்திரமே ஒரு தனிநூல் எழுதினார். சுழியோடிகள் உயிர்ச்சங்கை எடுப்பது ஒருபுறமிருக்க, யாழ்ப்பாணத்துக் கடல்நீரேரியின் சேற்றிலே நெடுங்காலம் புதையுண்டு கிடந்த சங்குகளைத் தோண்டியெடுத்து விற்கும் தொழிலும் இங்கே நிகழ்ந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், யானையையும் புகையிலையையும் போலவே சங்கையும் வருவாய்க்குரிய பண்டமாகக் கண்டனர். சங்கு போன இடம் வங்காளம்.

வங்காளத்திலே மணமான இந்துப் பெண்ணுக்குச் சங்குவளை நமது தாலியைப் போன்றது. டாக்கா நகரத்துச் 'சங்காரி பசார்' என்னும் ஒடுங்கிய தெருவிலே, சங்கறுக்குங் குலத்தவர் தலைமுறை தலைமுறையாக இருந்து, பிறைவடிவான கனத்த இரும்பு வாளை இருகையாலும் தள்ளி இழுத்து, காலால் இறுக்கிய சங்கை வளையம் வளையமாக அறுத்தனர். நம் கடற் சங்கை நம்பி வயிறு வளர்த்த அத்தெரு, 1971 மார்ச்சில் பாக்கிஸ்தான் படையினராற் சுட்டெரிக்கப்பட்டது. பின்னர் எஞ்சியோர் திரும்பி வந்து வாழத் தொடங்கினர்.

வளைக்கு உதவும் சங்கு அசாம் வழியாக நாகர் மலைக்கும் ஏறிற்று. அங்காமி ஆடவர் முழுச்சங்கின் பெரும் பகுதியொன்றைப் பிடரியிலே தொங்கவிடுவர். சங்கின் நடுத்தண்டை அறுத்துத் துளையிட்டு வெண்மணியாகக் கோப்பர். எமது பெரியம்மாவின் மாலையிலே ஆச்சி கண்டது இத்தண்டையே. அந்த மணிகள் யாழ்ப்பாணத்துச் சங்கா தூத்துக்குடிச் சங்கா என்று சொல்ல வழியில்லை. ஆயினும் இக்கடற்பரப்பைவிட்டு அவை மிகத் தொலைவிலே பிறந்திருக்க முடியாது.

இனிச் சிவந்த கற்களைப்பற்றிச் சிறிது விரித்தே கூறல் வேண்டும். மாலையின் உயிர் அவற்றிலேதான் இருக்கின்றது. தமிழ்நாட்டுத் தொல்பொருள் அறிஞர் இக்கல்லைச் சூதுபவளம் என்பர். பவளத்துக்கும் இதற்கும் நிறத்தில் மாத்திரமே உறவு. பவளம் கடலில் விளைவது, இது மண்ணில் விளையும் கல். கூர்ச்சர நாட்டிலே, பரூச்சுக்கு அணித்தான இரத்தினபுரி என்ற சிற்றூரிலே குழிதோண்டி இதனை எடுக்கின்றனர். எடுக்கும்போது இதற்குச் செம்மையே கிடையாது. மங்கிய மஞ்சளும் சாம்பலுமாக, தெருவிற் கிடந்தாற் குனிந்தும் பாரோம். அக்கற்களை வெயிலிலே பல நாள் உலர்த்தி, மட்பாண்டங்களில் இட்டு, எருவும் உமியும் போன்றவற்றின் மெதுவான தணலிலே வேகவைப்பர். கல்லினுள்ளே மறைந்திருக்கும் இரும்புச்சத்து சூட்டிலே மாறிச் செந்நிறம் காட்டும். ஒருமுறை போதாவிடின் மறுமுறை, மூன்றாமுறை. நெருப்பு மிஞ்சினாற் கல் வெடித்துப்போகும். சிவப்பு என்பது இங்கே மண் தந்த கொடையன்று. மனிதன் கண்டுபிடித்த சூழ்ச்சி.

வெந்த கற்கள் கம்பாத்து நகருக்குச் செல்லும். ஆங்கிலேயர் காம்பே என்றது இதனையே. அங்கே கல்லை உடைக்கும் முறையைப் படித்தபோது நாம் வியந்தோம். நாம் கல்லை நிலத்தில் வைத்து உளியை மேலே பிடிப்போம். அவர்களோ கூரிய இரும்பு முளையொன்றை நிலத்திற் சாய்வாக நட்டு, கல்லை அதன் நுனியிலே பொருத்திப் பிடித்து, எருமைக் கொம்பினாற் செய்த தலையையுடைய சுத்தியாற் பின்னாலிருந்து தட்டுகின்றனர். கொம்பு மெதுவானது, ஆகையாற் கல் சிதறாமற் செதிள் செதிளாகக் கழலும். பின்னர் அரைத்து, வில்லாற் சுழற்றும் துளையூசியாலே துளைப்பர். ஊசி நுனியிலே இரண்டு சிறு வைரத்துணுக்குகள் பதிக்கப்பட்டிருக்கும். துளையிலே சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருக்கும். இறுதியில், முற்காலத்திலே, மணிகளையும் கல்மாவையும் தோற்பையிலே கட்டி, இருவர் எதிரெதிரே இருந்து நாட்கணக்கிலே உருட்டி மினுக்கினர்.

இத்தொழிலின் வயது நாலாயிரத்தைந்நூறு ஆண்டுக்குக் குறையாது. சிந்துவெளியிலே சங்குதரோ என்னுமிடத்தில் 1935க்கும் 1936க்கும் இடையில் ஏணெஸ்ற் மக்கே அகழ்ந்தபோது, பாதி துளைத்த மணிகளும் துளையூசிகளுமாக ஒரு மணித்தொழிற்சாலையே வெளிப்பட்டது. அக்காலத்து நீண்ட மணிகளுக்கு வைரநுனி இல்லை. ஒருவகைக் கடுங்கல்லாற் செய்த ஊசியே இருந்தது. மார்க் கெனோயர் என்னும் அமெரிக்க அறிஞர், கம்பாத்துத் தொழிலாளரோடு கூடியிருந்து அவர்கள் முறைகளைக் கற்று, பழைய ஊசியைப்போலச் செய்து துளைத்துப் பார்த்தார். ஒரு மணிநேரத்துக்கு இரண்டரை மில்லிமீற்றர் அளவே இறங்கிற்றாம்! கராச்சிக்கு அண்மையிலுள்ள அல்லாதினோ என்னும் சிற்றூரிலே, 36 நீண்ட சூதுபவள மணிகளைக் கோத்த அரைமாலை ஒன்று புதையலாகக் கிடைத்தது. அதனைச் செய்து முடிக்க ஏறக்குறைய 480 வேலைநாட்கள் சென்றிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. இத்தகைய நீண்ட மணிகளே ஈராக்கிலுள்ள ஊர் நகரத்து அரசர் கல்லறைகளிலும் கிடைத்தன. 1922 முதல் 1934 வரை அங்கே அகழ்ந்தவர் சேர் லெனாட் வூலி.

நம் நாடுகளும் இக்கல்லை அறியாதவையல்ல. ஈரோட்டுக்கு அணித்தாக நொய்யலாற்றங் கரையிலுள்ள கொடுமணல், பதிற்றுப்பத்திற் கொடுமணம் எனப் பெயர்பெற்ற ஊரென்பர். அங்கே 1985 தொடக்கம் நடந்த அகழ்வுகளில் மணித்தொழிற் பட்டறைகள் வெளிப்பட்டன. ஒரே ஈமச்சின்னத்தில் 2,000க்கு மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. இலங்கையிலே தம்புள்ளைக்கு அண்மையிலுள்ள இப்பன்கட்டுவப் பெருங்கற்காலக் கல்லறைகளிலும் இம்மணிகள் கிடைத்துள்ளன. இறந்தவரோடு கூடப் புதைக்கும் அளவுக்கு அக்காலத்தார் இதனைப் போற்றினர்.

கம்பாத்திலிருந்து கடல்வழியே இம்மணிகள் சென்ற நாடுகளுக்குக் கணக்கில்லை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரைக் கண்ட துவார்த்தே பர்போசா என்ற போர்த்துக்கேயர், அங்கே இக்கல்லாற் செய்யப்பட்ட பொருள்களை வியந்து எழுதினார். ஆபிரிக்கக் கரையிலே இவை பொன்னுக்கும் யானைத்தந்தத்துக்கும் ஈடாயின. இரத்தினபுரிக் குன்றின்மீது பாவா கோர் என்னும் அபிசீனியப் பெரியாரின் அடக்கத்தலம் இருக்கின்றது. ஆபிரிக்க வமிசத்தவராகிய சித்திகள் அங்கே இன்றும் பணிபுரிகின்றனர். மணித்தொழிலாளர் அவரையே தம் தொழிலின் காவலராகப் போற்றுகின்றனர். கல்லைச் சிவக்கச் செய்யும் வித்தையை மக்களுக்குக் கற்பித்தவர் அவரே என்பது அவ்வூர்க் கதை. தொல்பொருளாரின் கணக்கோடு அக்கதை பொருந்தாது. ஆயினும் கூர்ச்சரத்துக் கல்லுக்கு ஆபிரிக்கர் ஒருவர் காவலராயிருப்பது, பழைய வாணிகம் எத்துணை ஆழமாக வேரோடியது என்பதற்குச் சான்றன்றோ!

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஜேர்மனியர் போட்டிக்கு வந்தனர். இடார், ஒபெர்ஸ்ரைன் என்னும் இரட்டை ஊரார், பிரேசிலிலிருந்து கல்லைக் கப்பலேற்றி, இரும்புச்சத்துக் கலந்த நீரில் ஊறவைத்துச் சுட்டுச் சிவப்பாக்கி, கம்பாத்து மணியைப்போலவே செய்து ஆபிரிக்காவுக்கு அனுப்பினர். இன்றைய சந்தையிலே 'பழைய மணி' என விலைப்படுவனவற்றுள் இவையும் கலந்தே கிடக்கும்.

நாகர் மலைக்கு வருவோம். கல்கத்தாச் சந்தைக்கு வந்த கம்பாத்து மணிகளை வணிகர் அசாமின் அடிவாரத்துக்குக் கொண்டுபோயினர். கொனோமா என்னும் அங்காமி ஊரின் வணிகரோ, தாமே மலையிறங்கிக் கல்கத்தா வரையும் சென்று மணியும் சங்கும் வாங்கி வந்தனர். இந்த ஊரார் 1879இலும் 1880இலும் ஆங்கிலப் படையை எதிர்த்து நின்ற வீரர் என்பதும் இங்கே நினைவுகொள்ளத் தக்கது.

அவர்களுக்கு அணி வெறும் அழகுப் பொருளன்று. யார் எதனை அணியலாம் என்பதற்கு விதியுண்டு. தன் களஞ்சியத்தைத் திறந்து ஊர் முழுவதுக்கும் விருந்திட்டவன் அணியும் ஆடை வேறு. இடாதவன் அணிந்தால் ஊர் பழிக்கும். கொன்யாக் குலத்திலே பித்தளைத் தலை அணிபவன், பகையூரிலே தலைகொய்து வந்தவன். 1936இலும் 1937இலும் அவர்களிடையே தங்கியிருந்த பியூரர் ஹைமென்டோர்வ் என்ற ஒஸ்திரியர், அக்காலத்து வழக்கங்களை எழுதிவைத்துள்ளார். தலைகொய்தல் ஒழிந்தது நன்றே. ஆயினும் எமது பெரியம்மா அணிந்துவந்த சின்னத்தின் பொருள் இதுவென்று அறிந்தபோது, எமக்கு உணவு இறங்கவில்லை. அவர் அதனை அணிந்துகொண்டு இரண்டு கலியாண வீடுகளுக்கும் போய்வந்துவிட்டார்.

இத்துணை மதிப்புக்குரிய பொருள்கள் அவர்கள் கையைவிட்டு எவ்வாறு நீங்கின? மிஷன் பள்ளிக்கூடத்திலே பன்னிரண்டாண்டு படித்த எமக்கு இவ்விடத்தை எழுதுவது எளிதாயிருக்கவில்லை. 1872இல் அமெரிக்க பப்ரிஸ்த மிஷனைச் சேர்ந்த கிளார்க் பாதிரியார் ஆவோ நாகர் மலைக்கு ஏறினார். எழுத்தில்லாத மொழிக்கு எழுத்துத் தந்தார், பள்ளிக்கூடம் வைத்தார், 1911இல் அவரது ஆவோ அகராதி வெளிவந்தது. இவை சிறு தொண்டுகளல்ல. ஆனால் பழைய அணிகளும் ஆடைகளும் பழைய தெய்வங்களோடும் விருந்துகளோடும் பிணைந்தவை என்று கண்ட மிஷனார், சபையிற் சேர்ந்தோர் அவற்றைக் களைந்துவிடல் வேண்டும் என்றனர். அவ்வட்டாரத்தில் அதிகாரியாயிருந்த மில்ஸ் என்ற ஆங்கிலேயரே, 1926இல் வெளிவந்த தமது ஆவோ நாகர் நூலிலே இதனைக் கண்டித்து எழுதினார். கண்டித்த அவரும் அவருடைய நண்பர் ஹற்றனும் நாகர் பொருள்களை ஏராளமாகத் திரட்டி, ஒக்ஸ்போர்ட்டிலுள்ள பிற் றிவேர்ஸ் நூதனசாலைக்கு அனுப்பினர் என்பதையும் சேர்த்தே சொல்லல் வேண்டும். ஒருவர் களையச் சொன்னார், மற்றவர் பொறுக்கிக்கொண்டார். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நாகாலாந்திலே நூற்றுக்கு 88 பேரளவில் கிறித்தவர்கள். தாம் பெற்ற கல்வியையும் சமயத்தையும் அவர்கள் பழிப்பவர்களல்லர். அணிகளை இழந்ததற்காக வருந்துவோரும் அவர்களுள்ளேயே உளர். இரண்டும் ஒரே நெஞ்சில் இருத்தல் கூடும்.

வாங்குவோர் மேலைநாட்டிலிருந்து வந்தனர். பொகீமியா என்பது ஐரோப்பாவின் நடுவிலுள்ள ஒரு நாடு. ஊரூராய் அலைந்த ரோமா என்னும் நாடோடிகள் அங்கிருந்து வந்தவர்களென எண்ணிய பிரெஞ்சுக்காரர், அவர்களைப் பொகீமியர் என்றனர். பின்னர் பாரிசிலே வறுமையிலும் தம் மனம்போல வாழ்ந்த ஓவியரையும் கவிஞரையும் அப்பெயராலேயே அழைத்தனர். 1851இல் ஹென்றி முர்சேயின் நூல் வெளிவர, அப்பெயர் எங்கும் பரவிற்று. வேடிக்கை யாதெனில், அந்த ரோமா மக்களின் முன்னோர் இந்தியாவிலிருந்து போனவர்கள். அவர்கள் மொழி வடஇந்திய மொழிகளின் இனம். 1960களிலும் 1970களிலும் ஐரோப்பிய இளைஞர் பலர் துருக்கி, ஆப்கானிஸ்தான் வழியாகத் தரைமார்க்கமாய்க் காத்மாண்டுவுக்கும் கோவாவுக்கும் வந்தனர். வழியிலே துருக்மேனியரின் வெள்ளிப் பதக்கங்களையும், ஆப்கானிய நாடோடிகளின் ஆரங்களையும் வாங்கினர். காபுலிலே கோழித்தெரு என்ற ஒரு தெரு இவ்வாணிகத்தாற் பெயர்பெற்றது. நாகர் மணிகளும் காத்மாண்டுக் கடைகளில் தொங்கின. பஞ்சமோ நோயோ பிள்ளைகளின் கல்விச்செலவோ வந்தபோது முதுசொம் கடைக்கு வருவது எந்நாட்டிலும் நடப்பதே. நம்மூரிலும் அடகுகடைக்குப் போன தாலிக்கொடிகள் எத்தனை திரும்பின?

வந்த பொருளைக் கோப்பவர் முழுதாக வைத்திருப்பதில்லை. ஒரு மாலையைப் பிரித்தாற் பத்து மாலைக்கு மணி கிடைக்கும். ஆனால் எந்த ஊர், எந்தக் குலம், ஆணுக்கோ பெண்ணுக்கோ என்பவற்றை மணிகளின் வரிசையே சொல்லிற்று. பிரித்த மாத்திரத்தில் அச்செய்தி போய்விடும். இடைவெளியை நிரப்பப் புதுமணிகள் வேண்டும். அவை பெரும்பாலும் கம்பாத்திலிருந்தே வருகின்றன.

அக்கம்பாத்தின் இன்றைய நிலையைப் படித்தபின்னர்தான் இக்கட்டுரையை எழுதியே தீரவேண்டுமென்று துணிந்தோம். இக்கல் அனைத்தும் சிலிக்கா. வில்லும் தோற்பையும் போய் மின்சாரச் சாணைச்சக்கரம் வந்தது. சக்கரத்திற் கல்லை அழுத்தும்போது கண்ணுக்குத் தெரியாத தூள் எழும்; அது சுவாசப்பைக்குட் படிந்து, தழும்பாகி, சதையை இறுக்கிவிடும். சிலிக்கோசிசு என்னும் இந்நோய்க்கு மாற்றும் மருந்து கிடையாது. பெரும்பாலும் காசநோயும் பின்தொடரும். சாணை பிடிப்போர் மாத்திரமன்றி, அயல்வீட்டில் வாழ்வோரும் இத்தூளைச் சுவாசிக்கின்றனர். வேலை பெரும்பாலும் வீடுகளிலேயே நடப்பதால், தொழிற்சாலைச் சட்டத்தின் காவல் இவர்களுக்கு எட்டுவது அரிது. இளவயதிலேயே கணவனை இழந்த பெண்கள், பிள்ளைகளுக்காக அதே சக்கரத்தின் முன் அமர்கின்றனர். தூளை உறிஞ்சி அகற்றும் பொறிகள் செய்யப்பட்டும் உள்ளன. மணியொன்றுக்குச் சில காசு என்ற கூலியில் அவற்றை வாங்க யாராலியலும்? நாலாயிரத்தைந்நூறு ஆண்டு வாழ்ந்த ஒரு வித்தை, அதை அறிந்தவர்களின் மூச்சையே உண்டு வாழ்கின்றது.

நாகர் மலையிலோ காற்று சிறிது திரும்பியுள்ளது. 2000ஆம் ஆண்டு தொடக்கம் டிசம்பர் மாதந்தோறும் கொகிமாவை அடுத்த கிசாமாவிலே இருவாசித் திருவிழா எடுக்கின்றனர். இளைஞர் பாட்டனாரின் அணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அணிகின்றனர். இல்லாதவர் கண்ணாடியாற் செய்த போலிமணி அணிகின்றனர். 2024 ஒக்ரோபரில் இங்கிலாந்திலே நாகர் மூதாதை ஒருவரின் மண்டையோட்டை ஏலத்துக்கு வைத்தபோது, நாகாலாந்திலிருந்து எழுந்த எதிர்ப்பினால் அதனை விலக்கிக்கொள்ள நேர்ந்தது. ஒக்ஸ்போர்ட்டிலுள்ள முன்னோரின் எச்சங்களை மீட்டுக்கொள்ளும் பேச்சுக்களும் நடந்துவருகின்றன.

பெரியம்மா புறப்படுவதற்கு முதல்நாள் இரவு, மேசைவிளக்கின் கீழே மாலையை வைத்து ஒவ்வொரு மணியாகப் பார்த்தோம். சிவந்த மணிகள் பதினொன்று. அவற்றுள் நான்கின் துளைகள் இரண்டு முனையிலிருந்தும் வந்து நடுவிற் சிறிது விலகிச் சந்தித்தன. ஓரங்கள் நூலும் தோலும் உராய்ந்து மழுங்கியிருந்தன. மற்ற ஏழின் துளையும் ஊசிபோல நேராக ஓடிற்று. அந்த ஏழையும் விரலால் தொட்டு, "இதுகள்தான் அந்தத் தூசு மணியோ?" என்று ஆச்சி கேட்டார். ஓமென்றோம். கம்பாத்துப் பெண்களின் கதையைக் கேட்டுவிட்டுப் பெரியம்மா நெடுநேரம் பேசவில்லை. பின்னர்ச் சிறு கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, பித்தளைத் தலையை மாத்திரம் கழற்றிக் கடதாசியிற் சுற்றி எம்மிடம் தந்தார். "இதை என்ன செய்யிறதெண்டு நீயே விசாரி" என்றார். அது இப்போது எமது மேசை இலாச்சியில் இருக்கின்றது. மாலையை அவர் அணிந்துகொண்டே கட்டுநாயக்காவுக்குப் புறப்பட்டார்.